பழுதடைந்த விளையாட்டுக் கருவி: திருத்துவதா, புதிது வாங்குவதா?

மொழியின் சிறப்பையும் சான்றோர் வரலாற்றையும் தாங்கிவரும் விழா மலரிலே வீடியோ விளையாட்டுக் கருவியைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மாணவச் செல்வங்களோ தலைப்பைக் கண்டதும் இப்பக்கத்தையே முதலிற் புரட்டியிருப்பார்கள். இரு சாராருக்கும் எமது வணக்கம். சனிக்கிழமைகளில் வகுப்பு முடியும்வரை மண்டபத்தில் காத்திருக்கும் பெற்றோர் பேசிக்கொள்பவற்றில், பரீட்சைகளுக்கு அடுத்தபடியாக எமது காதில் அதிகம் விழுவது இவ்வினாதான்: "அண்ணை, பெடியன்ரை கேம் பெட்டி பழுதாய்ப் போச்சு. திருத்துவிக்கலாமோ, இல்லாட்டிப் புதுசு வாங்கிறதோ?"

இவ்வினாவுக்கு நம்மிடையே ஆயத்தமாக இரு விடைகள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே பற்றரி கிடையாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையினர் நம்மிற் பலர். அவர்களுக்கு எப்பொருளும் திருத்தக்கூடியதே, எறிவது பாவம். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கோ பழுதடைந்த பொருள் பழைய பொருள். அதற்கு மாற்று, கடையில் உள்ள புதுப்பொருள். எது பழுதடைந்தது என்பதை அறியுமுன்னரே இரு சாராரும் விடையைச் சொல்லிவிடுகின்றனர் என்பதே எமது குறை. நாமும் அவ்வாறு செய்து ஒன்றை இழந்தவர்கள். ஆகவே எமது இல்லத்தில் நிகழ்ந்ததை முதலிற் கூறிவிடுகிறோம்.

பிள்ளைகளின் அம்மம்மா தமது இறுதி ஐந்து ஆண்டுகளை எம்முடன் இலண்டனிற் கழித்தார். மகளும் மகனும் 'மைன்கிராஃப்ட்' என்னும் விளையாட்டிலே கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவதைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பார். ஒருநாள், "எங்கடை ஊர் வீட்டைக் கட்டுங்கோவன்" என்றார். அன்று தொடங்கியது. நாற்சார் வீடு, தலைவாசல், கிடுகுவேலி, படலை, மாட்டுக்கொட்டில் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கட்டினார்கள். அவ்விளையாட்டிலே பனைமரம் இல்லை. வேறொரு மரத்தின் தலையை வெட்டி ஒருவாறு பனையாக்கினார்கள். கிணற்றைத் தவறான பக்கத்தில் வைத்ததற்காக இரண்டு தடவை இடிப்பித்தார். போரில் தரைமட்டமான அவ்வீட்டின் நிழற்படம் ஒன்றுகூட எம்மிடம் இல்லை. நான்கு ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கட்டிய அந்த வீடே எமக்கு இருந்த ஒரே படம்.

அவர் காலமாகி ஓராண்டின் பின்னர், நத்தாருக்குச் சில வாரங்கள் முன்பு, கருவி பழுதடைந்தது. ஆளியை அழுத்தினால் விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழலும் ஓசையும் கேட்டது. தொலைக்காட்சியில் மட்டும் படம் இல்லை. மலிவு விற்பனைக் காலமாதலால் ஒரு மணி நேரத்தில் முடிவெடுத்தோம். புதியது வந்தது, பழையதை நகரசபையின் கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் நாமே கொண்டுபோய்ப் போட்டோம். மறுநாள் மாலை மகன் வந்து, "அம்மம்மான்ரை வீடு எங்கை?" என்று கேட்டான். அது பழைய பெட்டியின் உள்ளே இருந்த வட்டிலே மட்டும் பதிவாகியிருந்தது. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று நாம் எண்ணியதே இல்லை. கழிவு நிலையத்துக்கு விரைந்து சென்றோம். பாரவண்டி அன்று காலையே போய்விட்டிருந்தது.

சில மாதங்களின் பின்னர் உறவினர் ஒருவரின் கருவியை எடுத்துக்கொண்டு திருத்துநர் ஒருவரிடம் செல்ல நேர்ந்தது. அதுவும் அதே நோய்தான். விளக்கு எரியும், விசிறி சுழலும், படம் வராது. அவர் ஒரு பூதக்கண்ணாடியால் பின்புறத் துளையைப் பார்த்துவிட்டு, வளைந்த ஊசி ஒன்றை எமக்குக் காட்டினார். படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் எச்.டி.எம்.ஐ துளையில் 19 நுண்ணிய தொடுமுனைகள் உண்டு. பெட்டியை நகர்த்தும்போதோ யாரேனும் கம்பியில் தடுக்கும்போதோ அவற்றுள் ஒன்று வளைந்தாலும் படம் அற்றுப்போகும். உள்ளே இருப்பவை யாவும் நலமாகவே இருக்கும். எமது பழைய பெட்டியும் அவ்வாறுதான் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து இப்பெட்டிகளைப் பற்றி நாம் கற்றுக்கொண்டவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

விளையாட்டுக் கருவி என்பது அடிப்படையில் ஒரு கணினியே. நடுவே பிரதான மின்சுற்றுப் பலகை. அதன்மேல் கணிப்பையும் படத்தையும் கவனிக்கும் பெருஞ் சில்லு. அச்சில்லின் வெப்பத்தை வாங்கும் உலோகத் தொகுதி. அதனைக் குளிர்விக்கும் விசிறி. இவற்றைச் சூழ்ந்து மின்வழங்கி, தரவு பதியும் வட்டு அல்லது நினைவகம், குறுந்தகடு வாங்கும் பகுதி, கம்பிகள் செருகும் துளைகள் என்பன உள்ளன. இவற்றுள் அசைவனவும் கைபடுவனவுமே பெரும்பாலும் முதலிற் பழுதடைகின்றன. துளை, விசிறி, தகட்டுப் பகுதி, கைப்பிடி ஆகியன ஓரத்து உறுப்புகள், மாற்றக்கூடியவை. நடுவில் உள்ள பெருஞ்சில்லு பழுதடைந்தால் மட்டுமே நிலைமை வேறு. எனவே, 'எவ்வளவு செலவாகும்' என்பதற்கு முன்னர் கேட்கவேண்டியது 'ஓரமா, நடுவா' என்பதே.

அதனை ஓரளவுக்கு வீட்டிலேயே கண்டறியலாம். விளக்கே எரியாவிடின், பெட்டியைக் குறை சொல்லுமுன் வேறு சுவர்த்துளையில் செருகிப் பாருங்கள். இந்நாட்டு மூன்று முனைச் செருகிகளின் உள்ளே சிறு பியூஸ் இருப்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகிறோம். சில பென்சு பெறுமதியான அந்தப் பியூஸ் எரிந்துபோனதற்காகப் பெட்டியையே எறிந்தவரை நாம் அறிவோம். பெயரைச் சொல்லமாட்டோம், அவரும் இம்மலரைப் படிப்பார். விளக்கு எரிந்து படம் வராவிடின் வேறு கம்பி, தொலைக்காட்சியின் வேறு துளை, முடிந்தால் வேறு தொலைக்காட்சி என முயலுங்கள். பிளேஸ்டேஷன் 4 போன்றவற்றில் ஆளியை ஏறத்தாழ ஏழு விநாடி, இரண்டாவது ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடித்தால் பாதுகாப்பு முறையில் இயங்கும். படத்தின் அளவு தொலைக்காட்சிக்குப் பொருந்தாததே காரணமாயின் அங்கே அதனைச் சரிசெய்யலாம். இவையாவும் பயனற்றுப்போனால் துளையைக் கைவிளக்கால் பாருங்கள்.

அத்துளையை மாற்றுவது வீட்டுவேலை அன்று. பழையதை வெந்காற்றால் உருக்கி எடுத்து, புதியதன் முனை ஒவ்வொன்றையும் பலகையில் ஈயப்பற்றால் ஒட்டவேண்டும். பழகிய கைக்கு அது அன்றாட வேலை. பழகாத கை பலகையையே கருக்கிவிடும். அயலில் இருக்கும் கைத்தொலைபேசி திருத்தும் கடைகளிற் சில இதனைச் செய்கின்றன.

பெட்டி ஆகாயவிமானம் போல இரைந்து, சிறிது நேரத்தில் தானாகவே நின்றுவிடுமாயின் பெரும்பாலும் அது தூசியின் வேலை. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, அழுத்தக் காற்றுக் குப்பியால் துவாரங்களை ஊதலாம். ஊதும்போது விசிறி கட்டற்றுச் சுழலாதவாறு தடுத்துக்கொள்ளல் நன்று. பல ஆண்டு பழகிய பெட்டியாயின், சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையே பூசப்பட்ட வெப்பப்பசை காய்ந்து போயிருக்கும். அதனைத் துடைத்துப் புதிதாகப் பூசுவிக்க வேண்டும். மாணவர்களுக்கு ஒரு கண்டிப்பு: மின்வழங்கி உள்ளேயே அமைந்த பெட்டிகளில், அப்பகுதியை ஒருபோதும் திறக்கக்கூடாது. மின்னைக் கழற்றிய பின்னரும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் உயர் அழுத்த மின்னைச் சிறிது நேரம் வைத்திருக்கும்.

ஊதுதல் என்றதும் தந்தையர் சிலருக்குப் பழைய நினைவொன்று வரும். 1980களில் வெளிவந்த நின்டெண்டோ கருவியில் விளையாட்டுக் கட்டையை வாயால் ஊதிச் செருகினால் இயங்கும் என்று உலகெங்கும் சிறுவர் நம்பினர். உண்மையில் உதவியது ஊதல் அன்று. கழற்றித் திரும்பச் செருகியபோது தொடுமுனைகள் புதிதாகப் பொருந்தியதே. வாயின் ஈரம் உலோகத்தை அரிக்கும் என்பதால் ஊதவேண்டாம் என்றே அந்நிறுவனம் அறிவுறுத்தியது.

இனி, கைப்பிடி. குச்சியைத் தொடாதபோதும் திரையிலுள்ள உருவம் தானே நகர்ந்து செல்வதை மாணவர்கள் 'டிரிஃப்ட்' என்பார்கள். குச்சியின் அடியில் கரிப்பூச்சுப் பூசிய சிறு தடமும், அதன்மேல் உரசிச் செல்லும் உலோக நாக்கும் உள்ளன. உரசி உரசிப் பூச்சுத் தேய்ந்ததும், குச்சி நடுவில் நிற்பதை அறியாமல் கருவி மயங்குகிறது. காந்தத்தால் நிலையறியும் குச்சியில் இவ்வுரசலே இல்லை. 1998இல் வெளிவந்த சேகா டிரீம்காஸ்ட் கருவியின் கைப்பிடியிலேயே அம்முறை இருந்தது என்பது வியப்புக்குரியது. கால் நூற்றாண்டின் பின்னரும் பல கைப்பிடிகள் தேய்கின்ற தடத்தையே நம்பியிருந்தன. 2017இல் வெளியான நின்டெண்டோ சுவிட்ச் கருவியின் 'ஜோய்-கொன்' கைப்பிடிகளில் இப்பழுது மிகப் பரவலாகக் காணப்பட்டது. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் முறைப்பாட்டைத் தொடர்ந்து, உத்தரவாதக் காலம் கடந்திருப்பினும் இப்பழுதைக் கட்டணமின்றித் திருத்தித் தருவதாக அந்நிறுவனம் 2023இல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கும் ஐக்கிய இராச்சியத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அறிவித்தது. இதனை அறியாமல் சோடி சோடியாகப் புதிது வாங்கிய வீடுகள் பல. வாங்குமுன் நிறுவனத்திடம் ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தகடு வாங்காத பெட்டியின் கதையோ சற்றுச் சிக்கலானது. ஒளிக்கதிர் வில்லையிலே தூசி படிந்திருந்தால் துடைத்தாற் போதும். ஆனால் அப்பகுதி முழுவதையும் வேறொரு பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் 360 முதலியவை அதனை ஏற்கமாட்டா. தகட்டுப் பகுதியிலுள்ள சிறு சுற்றுப்பலகையும் பிரதான பலகையும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று சோடி சேர்க்கப்பட்டவை. களவுப் பிரதிகளைத் தடுப்பதற்கென நிறுவனங்கள் செய்த ஏற்பாடு இது. பழைய சிறுபலகையைப் பத்திரமாகக் கழற்றிப் புதிய பகுதியிற் பொருத்தத் தெரிந்தவரிடமே இவ்வேலையைக் கொடுக்கவேண்டும். வெறும் திருப்புளி ஒன்றை வைத்துக்கொண்டு அரைகுறையாகக் கழற்றி, அந்தச் சிறுபலகையைத் தொலைத்துவிட்டால் பின்பு திருத்துநராலும் ஆவதொன்றில்லை.

நடுவே உள்ள சில்லு பழுதடைவதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2005 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்பொக்ஸ் 360 கருவியின் முகப்பில் ஒரு வட்ட விளக்கு இருந்தது. கருவி செயலிழந்தபோது அவ்வட்டத்தின் நாற்பகுதிகளில் மூன்று சிவப்பாக ஒளிர்ந்தன. அதனைச் 'சிவப்பு வளையம்' என்று அஞ்சாத சிறுவர் அக்காலத்தில் இல்லை. பழுதடைந்த கருவிகள் குவியவே, 2007 யூலையில் அந்நிறுவனம் இப்பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்கென நூறு கோடி அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட தொகையை ஒதுக்கியது. காரணம் எளிய பௌதிகம். சில்லுக்கும் அது அமர்ந்திருக்கும் தளத்துக்கும் இடையே கடுகினும் சிறிய ஈயப்பற்று மணிகள் ஏராளம் உள்ளன. விளையாடும்போது வெப்பம் ஏறுகிறது, நிறுத்தியதும் குளிர்கிறது. சில்லும் தளமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, இடையில் அகப்பட்ட மணிகள் நாளடைவில் வெடிக்கின்றன. திரும்பத் திரும்பச் சூடேறிக் குளிர்ந்ததால் சில்லுத் தொகுதியின் உள்ளிணைப்புகளே முறிந்தன என்று, 2021இல் வெளியிட்ட தனது வரலாற்று ஆவணப்படத்தில் அந்நிறுவனமே கூறியது.

அப்போது சிலர் கருவியைத் துவாயால் சுற்றி வேண்டுமென்றே சூடேற்றினார்கள். வேறு சிலர் பலகையைச் சமையல் அடுப்பினுள் வைத்தார்கள். வெடித்த இணைப்புகள் சில நாட்களுக்குத் தொட்டுக்கொள்ளும். பின்பு மீண்டும் பிரியும். தீப்பற்றும் அபாயமும் நச்சுப் புகையும் மட்டுமே மிச்சம். இன்றும் சில கடைகளில் சில்லைச் 'சூடுகாட்டி' எழுப்பித் தருவார்கள். அதற்குப் பணம் கொடுக்கவேண்டாம் என்பதே எமது கருத்து. சில்லுப் பழுது உறுதியானால், பெட்டி மிக அரியதாக இருந்தாலன்றி, புதிதோ கைமாறியதோ வாங்குவதே தகும்.

பணம் செலவழிக்குமுன் சட்டத்தையும் சற்று நோக்குவோம். ஐக்கிய இராச்சியத்தில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி நமது முறைப்பாடு விற்ற கடைக்கு உரியது. செய்த நிறுவனத்துக்கு அன்று. 'உத்தரவாதம் ஓராண்டு முடிந்துவிட்டது, நிறுவனத்திடம் போங்கள்' என்று கடைக்காரர் சொன்னால் வாளாவிருக்கவேண்டாம். நிறுவனம் தரும் உத்தரவாதம் வேறு. சட்டம் தரும் உரிமை வேறு. வாங்கி முப்பது நாட்களுக்குள் குறைகண்டால் பொருளைத் திருப்பிக்கொடுத்து முழுப்பணத்தையும் பெறலாம். ஆறு மாதத்துக்குள் தோன்றும் பழுது, விற்கும்போதே இருந்த குறை என்று கொள்ளப்படும். அவ்வாறன்று என நிறுவுவது கடையின் பொறுப்பு. அதன் பின்னர் நிறுவும் பொறுப்பு நம்முடையது. எனினும் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் ஆறு ஆண்டுகள் வரையும், ஸ்கொட்லாந்தில் ஐந்து ஆண்டுகள் வரையும் வழக்குத் தொடுக்க இடமுண்டு. கடையில் வாங்கிய கைமாறிய பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தும். கீழே போட்டு உடைத்ததற்கும், தேநீர் ஊற்றியதற்கும் பொருந்தாது. பற்றுச்சீட்டை நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அதன் எழுத்து இரண்டு ஆண்டுகளில் மங்கிவிடும்.

உதிரிப்பாகம் கேட்கும் உரிமை என்று வரும்போது விளையாட்டுக் கருவிகள் விதிவிலக்காகவே நிற்கின்றன. இந்நாட்டில் 2021இல் வந்த விதிகள் சலவை இயந்திரம், குளிரூட்டி, தொலைக்காட்சி முதலியவற்றின் உதிரிப்பாகங்களுக்கு வழிசெய்தன, இக்கருவிகளைத் தொடவில்லை. 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியா மாநிலத்தின் திருத்தும் உரிமைச் சட்டமும் இவற்றைப் பெயர் குறித்தே விலக்கிவைத்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். திருத்தச் செலவு புதிய பொருளின் விலையிற் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்று பலரும் சொல்வர். இவ்விதி எமக்கு நிறைவு தரவில்லை. எதன் விலையிற் பாதி? உங்களிடம் இருப்பது ஆறு வயதுப் பெட்டி. அதனை ஒப்பிடவேண்டியது கடையில் மின்னும் புதுப்பெட்டியுடன் அன்று. அதே ஆறு வயதுடைய, நன்கு இயங்கும், கைமாறிய பெட்டியுடன். திருத்துநர் 80 பவுண் கேட்கிறார், அதே வகைக் கைமாறிய பெட்டி 110 பவுணுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதின் விலையோடு ஒப்பிட்டால் 80 பவுண் மலிவு. இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு சொற்பம். ஆனால் அந்த 110 பவுண் பெட்டியின் உள்ளே உங்கள் பிள்ளையின் உலகம் இராது. அதற்கு எவ்வளவு மதிப்பிடுவது என்பதைப் பிள்ளையிடந்தான் கேட்கவேண்டும்.

காத்திருந்தால் விலை இறங்கும் என்பது நம் தலைமுறையின் அனுபவம். 1995இல் 299 பவுணுக்கு இங்கு வந்த முதலாவது பிளேஸ்டேஷன் சில ஆண்டுகளில் அதன் பாதிக்கும் கீழே இறங்கியது. 2020இல் 449.99 பவுணுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 கருவியோ 2022 ஓகஸ்டில் 479.99 பவுணாக உயர்ந்தது. பழைய அனுபவத்தை நம்பிப் பழையதை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் ஏமாந்தனர்.

புதுப்பெட்டி பழைய விளையாட்டுகளை ஏற்குமா என்பது அடுத்தது. பிளேஸ்டேஷன் 4இன் விளையாட்டுகளிற் பெரும்பாலானவை 5இல் இயங்கும். ஆனால் தகட்டுப் பகுதி இல்லாத வகையை மலிவென்று வாங்கினால் அலுமாரியில் உள்ள தகடுகள் வீண். பிளேஸ்டேஷன் 3இன் தகடுகளை 4 ஏற்காது. தகடே இன்றி இணையக் கடையில் வாங்கியவற்றுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நின்டெண்டோவின் வீ-யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான கடை 2023 மார்ச்சிலும், எக்ஸ்பொக்ஸ் 360இன் கடை 2024 யூலையிலும் விற்பனையை நிறுத்திவிட்டன. அவற்றில் மட்டுமே விற்கப்பட்ட விளையாட்டுகள் உள்ள பழைய பெட்டியை, மலிவு என்று எண்ணி எறியவேண்டாம்.

தரவைப் பற்றி மேலும் சில சொற்கள். மாணவர்களே, இப்பகுதி உங்களுக்கானது. சுவிட்ச் கருவியில் சிறு அட்டையைச் செருகி விளையாடுகிறீர்கள். ஆயினும் உங்கள் முன்னேற்றம் அவ்வட்டையில் இல்லை, கருவியின் உள்நினைவகத்தில் இருக்கிறது. அட்டையை எடுத்து வேறு கருவியில் போட்டால் விளையாட்டு வரும். நீங்கள் வந்து சேர்ந்த இடம் வராது. எக்ஸ்பொக்ஸ் 360இன் வட்டைக் கழற்றி அதே வகையான வேறு பெட்டியில் மாட்டலாம். பிளேஸ்டேஷன் 4இன் வட்டோ அதன் சொந்தப் பெட்டிக்கு மட்டுமே விளங்கும் இரகசியக் குறியீட்டில் எழுதப்பட்டது. ஆகவே அப்பெட்டி இயங்கும்போதே யூ.எஸ்.பி குச்சியில் பிரதி எடுத்துவைக்க வேண்டும். மாதச் சந்தா செலுத்தி இணையத்திற் சேமிப்போரும், தமது விளையாட்டு அதில் அடங்குகிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்க. சில விளையாட்டுகள் அடங்குவதில்லை. திருத்தத்துக்கு அனுப்பும் கருவியில் தரவு அழிந்துபோகலாம் என்று நிறுவனங்களே எச்சரிக்கின்றன. அழியாமல் திருத்த முடியுமா என்பதைத் திருத்துநரிடம் முதலிற் கேளுங்கள். பார்ப்பதற்கு மட்டும் கட்டணமா, திருத்திய வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு, கழற்றிய பழைய பாகத்தைத் தருவாரா என்பனவும் கேட்கத்தக்கவை. பழைய பாகத்தைத் தயங்காமற் காட்டுபவரையே நாம் நம்புகிறோம்.

புதிது வாங்குவதே முறை என்னும் வேளைகளும் உண்டு. சில்லுப் பழுதைச் சொன்னோம். இனிப்புப் பானம் ஊற்றிப் பல நாள் ஊறிய பலகையும் அவ்வாறே. இன்று ஓரிடம் திருத்தினால் நாளை வேறிடம் அரித்துப்போகும். மூன்றாம் முறையாக அதே பழுதுக்குப் போகும் பெட்டியும் போதும் என்று சொல்லத்தக்கது. தோழர்கள் யாவரும் அடுத்த கருவிக்கு மாறிவிட, பிள்ளை மட்டும் தனித்து விளையாடும் நிலையையும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. 3டிஎஸ், வீ-யூ ஆகியவற்றின் இணையவழிக் கூட்டு விளையாட்டு 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டபோது, நன்கு இயங்கிய பெட்டிகளும் பாதிப் பயனை இழந்தன.

எறியத் தீர்மானித்தாலும் குப்பைத் தொட்டியில் இடவேண்டாம். சக்கரத் தொட்டியின்மேல் குறுக்குக்கோடு இட்ட அடையாளம் பெட்டியின் அடியிலேயே உள்ளது. 2022இல் உலகில் 6.2 கோடி தொன் மின்கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. கையடக்கக் கருவியின் முதுகு உப்பியிருந்தால் உள்ளே பற்றரி வீங்கியிருக்கிறது என்று பொருள். உடனே மின்னேற்றுவதை நிறுத்துங்கள்; குத்தவோ அழுத்தவோ கூடாது.

எமது பிள்ளைகள் இருவரும் சென்ற கோடை விடுமுறையில் அவ்வீட்டை நினைவிலிருந்து மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். தலைவாசல்வரை வந்துவிட்டது. கிணறு மாட்டுக்கொட்டிலுக்கு எப்பக்கம் என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் உடன்பாடில்லை, எமக்கும் தெரியவில்லை. கனடாவில் உள்ள பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறோம். இம்முறை மாதத்தின் முதற் சனியன்று பிரதி எடுத்து, குச்சியைச் சாமி அறையில் வைக்கிறோம்.

2009இல் ஆம்ஸ்ரர்டாமில் முதலாவது 'திருத்தும் தேநீர்க்கடை' கூடியது. அயலவர் பழுதான பொருள்களைக் கொண்டுவர, தெரிந்தவர்கள் அவர்களுடன் உட்கார்ந்து கட்டணமின்றித் திருத்தும் ஏற்பாடு அது. இன்று இந்நாட்டின் பல ஊர்களிலும் நடைபெறுகிறது. நமது பாடசாலையிலும் மின்னியல் கற்ற பெற்றோர் மூவர் முன்வந்துள்ளனர். அடுத்த தவணையின் முதலாம் சனிக்கிழமை, வகுப்புகள் நடக்கும் நேரத்தில், மண்டபத்தின் பின்புறம் ஒரு மேசை போடுகிறோம். கருவியுடன் அதன் மின்கம்பியையும் தொலைக்காட்சிக் கம்பியையும் ஒரு கைப்பிடியையும் கொண்டுவாருங்கள். ஈயப்பற்று வேலை அங்கே செய்யமாட்டோம். ஓரமா நடுவா என்பதை மட்டும் பார்த்துச் சொல்வோம். பெட்டியைத் திறக்கும்போது அதன் சொந்தக்காரரான மாணவரும் அருகில் இருக்கவேண்டும்.